மேற்குச் சுவரில் என் பேரு

சாமி கும்பிடலம்மா. வாய் முணுமுணுங்குதேன்னுதானே கேட்டீங்க? ரெண்டு வாக்கியம். அதைத்தான் நாலு நாளா மனப்பாடம் பண்றேன். "மேற்குப் பக்கம் ஜன்னல் வைக்காமல் இருப்பது எங்கள் வழக்கம். எங்கள் பிள்ளைகள் குளிர்ச்சியாகத் தூங்குகிறார்கள்." இம்புட்டுத்தான். எம் பிள்ளை தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு, புது விடுதியைப் பார்க்க இன்னைக்கு ஒரு கமிட்டி வருது. அவங்க முன்னால நின்னு நான் இதைச் சொல்லணுமாம். அஞ்சாவதோட நின்னவ நான். படிச்சது எதுவும் மண்டையில நிக்காது. இது நின்னுருச்சு. அதுதான் பயமா இருக்கு. வாயைத் திறந்தா தானா வந்து விழுந்துரும் போல. சொல்லிட்டேன்னா எம் பிள்ளைக்கு வேற வழியே கிடையாது.

கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன், கோவிச்சுக்கிடாதீங்க. முன்னால மூணாவது சீட்டுல பச்சைப் பட்டுக் கட்டி, கனகாம்பரம் வச்சு உக்காந்திருக்காங்களே, அவங்க காதுல விழக்கூடாது. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். சந்தனமாரி அக்கா. ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போறோம். கைப்பிள்ளையோட முன்னால இடிபட வேண்டாம்னு என்னை இங்க உங்க பக்கத்துல உக்காரவச்சுட்டு அவங்க முன்னால போயிட்டாங்க. எனக்கும் அது நல்லதாப் போச்சு.

நான் இப்படிப் பேசுற ஆளே இல்லம்மா. எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, காளீஸ்வரிக்கு வாய் இருக்கான்னு கேப்பாங்க. கடைக்காரர் மீதியைக் குறைச்சுக் கொடுத்தாலும் வாங்கிட்டு வந்துருவேன். உங்களை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு ரோடு பிரியிற விலக்கு வந்ததும் நான் இறங்கிருவேன், நீங்க கோவில்பட்டிக்குப் போயிருவீங்க. அதான் வருது பேச்சு.

மூத்தவ பேரு பவதாரணி. ஒம்பது வயசு, நாலாவது படிக்கிறா. அவளுக்கு மூச்சு இளைப்பு. எங்க வீட்டுக்காரர் கரிமூட்டம் போடுற வேலை பார்க்கிறாரு. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, அது உள்ளுக்குள்ளேயே புகைஞ்சு கரியாகிற வரைக்கும் பக்கத்துலயே கிடக்கணும். ஒரு மூட்டம்னா பத்து நாளு, பதினஞ்சு நாளு. குடும்பமே அங்கதான் கிடப்போம். பவதாரணிக்கு அஞ்சு வயசு இருக்கும்போது ஒருநாள் மூச்சு இழுத்து, நகம் நீலம் பாரிச்சுப் போச்சு. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னாங்க, இந்தப் பிள்ளையைப் புகை பக்கமே விடாதேம்மான்னு. எங்களுக்குப் புகையை விட்டா ஏது பிழைப்பு? அப்பதான் இந்தப் பள்ளிக்கூடத்துல இலவசமாத் தங்கவச்சுப் படிக்க வைக்கிறாங்கன்னு சொன்னாங்க. ஒண்ணாவதுலயே கொண்டுபோய் விட்டேன். வாசக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன்.

மூணு வருஷம் நல்லா இருந்தாம்மா. தகரச் சீட்டுப் போட்ட கொட்டகைதான், வெயில்ல கொதிக்கும். ஆனா ரெண்டு பக்கமும் ஜன்னல், மேல ஃபேனு. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகல.

பெறகுதான் புது விடுதி கட்டணும்னாங்க. சும்மா கட்டடம் இல்லியாம். இயற்கைக்குக் கேடில்லாத விடுதி. சிமென்ட் கம்மியா, கரன்ட் கம்மியா, ஃபேனே இல்லாம குளிர்ச்சியா இருக்குமாம். குளிக்கிற தண்ணி வாழைக்குப் போகும், விளக்கு வெயில்ல எரியும். தாளாளர் ஐயா மெட்ராஸ்ல இருந்து பிளான் போடுற சாரைக் கூட்டிட்டு வந்தாரு. சின்ன வயசுதான். நிவேதன் சார். நாங்க பிளான் சார்னுதான் சொல்வோம்.

அவரு நல்ல மனுஷன்ம்மா. கெட்டவரா இருந்தா சபிச்சுட்டாவது போயிரலாம். ஆபீஸ்ல உக்காந்து பிளான் போடமாட்டேன், பிள்ளைங்களோட வீடுகளைப் பார்த்து அதுலேருந்து கத்துக்கிட்டுத்தான் போடுவேன்னாரு. அஞ்சு வீடு பார்த்தாரு. அதுல எங்க வீடு ஒண்ணு. தை மாசம், காலையில பத்து மணி. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்தாரு. செம்புல தண்ணி கொடுத்தேன், குடிச்சாரு. பேன்ட் போட்டவங்க யாரும் எங்க வீட்டுல தரையில உக்காந்து நான் பார்த்ததில்ல. அப்பவே எனக்கு வேர்த்துப் போச்சு.

சுவத்துல கையை வச்சுப் பார்த்து, எவ்வளவு குளிர்ச்சின்னு சொன்னாரு. தை மாசம் காலையில சுவரு குளிராம என்ன செய்யும்? அப்பதான் தரையை வேற கழுவிவிட்டிருந்தேன். பெறகு மேக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாரு. அதுல ஜன்னல் இருந்து அடைச்ச தடம் சதுரமாத் தெரியும். ஏம்மா இந்த ஜன்னலை அடைச்சிருக்கீங்கன்னு கேட்டாரு.

கேட்டப்போ சந்தனமாரி அக்கா வாசல்நிலையில சாஞ்சு நிக்கிறாங்க. அது ஒண்ணுதாம்மா. அவங்க மட்டும் அன்னைக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தா, நான் இன்னைக்கு இந்தப் பஸ்ல இப்படி உக்காந்திருக்க மாட்டேன்.

அந்த ஜன்னலை நான்தான் அடைக்கச் சொன்னேன். பவதாரணி பிறந்து இருபது நாளு. எனக்குப் பதினெட்டு வயசு. அக்கா வீடு எங்களுக்கு மேக்க. அவங்க முத்தத்துல நின்னா எங்க வீட்டுக்குள்ள எல்லாம் தெரியும். காலையில கண்ணு முழிச்சா ஜன்னல்ல அவங்க முகம். காளி, எந்திச்சிட்டியாங்கும். கொஞ்ச நேரத்துல, அடுப்பு இன்னும் பத்தவைக்கலையாங்கும். பிள்ளை அழுதா, ஏன் அழுவுது, பால் பத்தலையாங்கும். ஜன்னல் வழியாக் கிண்ணத்தை நீட்டுவாங்க. பூண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு. எனக்குச் சமைக்கத் தெரியலைன்னு குத்திக் காட்டுறதுதானே அது? ஒருதடவை ரெண்டு நாளா நான் சரியாச் சாப்பிடலைன்னு எங்க அம்மாவுக்கே ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. எனக்கு மானமே போச்சு. மாராப்பை விலக்கிப் பால் கொடுக்கிறதுக்கு ஒரு மூலை இல்ல அந்த வீட்டுல.

இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லக்கூடாது. அக்காவுக்குப் பிள்ளை இல்லம்மா. நான் பால் கொடுக்கும்போது அப்படியே பார்த்துக்கிட்டே நிப்பாங்க. எங்க அம்மா வந்தப்போ காதுல சொல்லிட்டுப் போனா, அந்தக் கண்ணு நல்லதில்லடின்னு. மறுநாளே எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு அழுதேன். அவரு நாலு செங்கலை வச்சு அடைச்சுட்டாரு.

அக்கா ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் வந்து அந்தச் செங்கலைப் பார்த்தாங்க, திரும்பிப் போயிட்டாங்க. பெறகு வாசல் வழியா வந்தாலும் தூரத்துல இருந்தே ஒரு இருமல் இருமிட்டுத்தான் வருவாங்க. சளித்தொந்தரவு போலிருக்கு, ஒம்பது வருஷமா இருக்கு.

அப்ப நான் சாருக்கு என்ன சொல்லுவேன், சொல்லுங்க? அவங்களை வச்சுக்கிட்டு உங்க கண்ணுக்குப் பயந்து அடைச்சேன்னு சொல்ல முடியுமா? மேல்காத்து சூடா வரும் சார், வெயில் வேற, அதான் அடைச்சிட்டோம்னேன். சும்மா வாயில வந்துச்சு. சாருக்கு முகமெல்லாம் மலந்துபோச்சு. யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டாரு. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்னேன். அதுவும் வாயில வந்துச்சு. உடனே அவரு அக்காவைப் பார்த்து, அப்படியாம்மான்னாரு.

அக்கா என் முகத்தை ஒருதடவை பார்த்தாங்க. பெறகு சொன்னாங்க, "ஆமா சார். எங்க பக்கம் மேக்க ஜன்னல் வைக்கிறதில்ல."

அவங்க வீட்டுல மேக்க ரெண்டு ஜன்னல் இருக்கு. சார் பத்தடி நடந்திருந்தா பார்த்திருப்பாரு. நடக்கல. அக்காவுக்குப் போட்டோவுல தானும் விழணும்னு ஆசை, வேற என்ன. ரெண்டு பேரையும் அந்தச் சுவரு முன்னால நிக்கவச்சுப் போட்டோ எடுத்தாரு.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. சித்திரை வைகாசியில நாங்க அந்த வீட்டுக்குள்ள படுக்கிறதே இல்ல. வெந்து போயிரும். வாசல்லதான் கட்டிலு, பாயி. ஊரே வெளியிலதான் கிடக்கும். சார் அதைக் கேக்கல. கேக்காததை நான் எப்படிச் சொல்றது?

நாலு மாசம் கழிச்சுப் பெத்தவங்க கூட்டம் போட்டாங்க. அட்டையில விடுதி மாதிரியே செஞ்சு கொண்டாந்திருந்தாரு. கூரையைத் தூக்கினா உள்ள தெரியும். நீளமா ஒரே ஹால். தெக்க குளிக்கிற இடம், வடக்க வார்டன் ரூம், கிழக்க வாசலும் அஞ்சு ஜன்னலும். மேக்க மொழுக்குன்னு சுவரு. நடுக்கூரையில ஒரு கூண்டு, சூட்டுக்காத்து அது வழியா ஏறிப் போயிருமாம். தீப்பெட்டியை எடுத்துக் குச்சியெல்லாம் கொட்டி, இதுதான் பிள்ளைங்கன்னு வரிசையா அடுக்கிக் காட்டினாரு. நாப்பத்திரண்டு குச்சி. அழகா அடங்குச்சு. அம்மாக்களே, உங்களுக்கு என்ன குறை தெரிஞ்சாலும் சொல்லுங்க, இப்ப மாத்திரலாம்னாரு. இந்தச் சுவருக்கு யோசனை சொன்னவங்களே இருக்காங்களேன்னு என்னைப் பார்த்தாரு. எல்லாப் பொம்பளைங்களும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. எனக்கு முகத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல. நல்லா இருக்கு சார்னு சொல்லி உக்காந்துட்டேன்.

கட்டும்போது நாங்களும் முறை வச்சுப் போய் வேலை செஞ்சோம். செம்மண்ணுல கட்டி அறுத்து அடுக்கினாங்க. கூரையில மண்பானையைக் கவுத்துவச்சு மேல காங்கிரீட் போட்டாங்க. சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் கலந்து பூச்சு. அந்த மேக்குச் சுவத்தை நான்தான் பாதி பூசினேன். மூணு நாளைக்கு அதுல எறும்பு சாரை சாரையா ஏறுச்சு, பிள்ளைங்க நக்கிப் பார்த்துச்சுங்க. அந்தச் சுவரு இடுப்பளவு வந்தப்ப கொத்தனார் லூர்துசாமி சாந்துக் கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு, சார், இங்க ஜன்னல் விடவேண்டாமா, சாயங்காலக் காத்தே இங்கருந்துதானே வரும்னு. சார் என்னைக் கைகாட்டினாரு. லூர்துசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாரு.

"நீயா தாயி சொன்ன?"

ஆமான்னு தலையை ஆட்டினேன். இல்லைன்னு ஆட்டியிருக்கலாம். கழுத்து ஒண்ணுதானே. ஆட்டல.

முடிஞ்ச பெறகு மாசி மாசத்துல சார் உள்ள மிஷினை வச்சுச் சூட்டை அளந்தாரு. வெளியில முப்பத்தாறு, உள்ள முப்பத்திரண்டாம். கைதட்டினாங்க. அப்ப ஹால் காலியாக் கிடந்துச்சு. சுவத்துல கல்லு பதிச்சாங்க, கறுப்புக் கல்லு. எழுத்துக்கூட்டி வாசிச்சேன். "இந்த மேற்குச் சுவர் கரிசல் பெண்களின் அறிவுக்குச் சமர்ப்பணம். திருமதி வே. காளீஸ்வரி, திருமதி ரா. சந்தனமாரி." கல்லுல பேரு இருந்தா அது மந்திரி பேரு, இல்ல செத்தவங்க பேரு. உசுரோட இருக்கிற என் பேரு. சந்தோஷமாத்தான் இருந்துச்சும்மா, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். பவதாரணி கூட்டாளிகளையெல்லாம் இழுத்துட்டு வந்து காமிச்சா, எங்கம்மா பேரு, எங்கம்மா பேருன்னு.

ஜூன் மாசம் பிள்ளைங்களைப் புது விடுதிக்கு மாத்திட்டாங்க. பழைய கொட்டகையைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. பொம்பளைப் பிள்ளைங்க, அதனால ராத்திரி வாசலை அடைச்சுப் பூட்டிருவாங்க, அதைக் குத்தம் சொல்ல முடியாது. கூரைக் கூண்டுல புறா அடைஞ்சு பாய் மேல எச்சம் போட்டுச்சுன்னு வார்டன் அதுல சாக்கை வச்சுத் திணிச்சுட்டாங்க. அதையும் குத்தம் சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் மூலம் என் வாயிதானே. நாப்பத்திரண்டு பிள்ளைங்க, கிழக்க அஞ்சே ஜன்னலு, எதிர்ச் சுவத்துல ஒரு பொந்து கிடையாது. காத்து உள்ள வந்தா போறதுக்கு வழி வேணுமே.

ஆடி மாசம் பார்க்கப் போனேன். பிள்ளை இளைச்சுப் போயிருந்தா. கண்ணு உள்ள போயிருந்துச்சு. புதன், சனி முட்டை போடுவாங்க. முட்டை தின்னியாடின்னா தின்னேன்மான்னா. பக்கத்துல ஒரு பிள்ளை, பாண்டிச்செல்வின்னு பேரு, கொழுகொழுன்னு இருந்தா, அவ வெள்ளந்தியாச் சொல்லிட்டா, அவ முட்டையை எனக்குத்தான் அத்தை தருவான்னு.

விஷயம் என்னன்னா, பிள்ளைங்களுக்குள்ள ஒரு முறை வச்சிருக்குங்க. ஜன்னல் முறை. ஒரு ஜன்னலுக்குக் கீழ ரெண்டு பாய்தான் போட முடியும். அதனால ஒரு பிள்ளைக்கு நாலு நாளைக்கு ஒருக்கா ஜன்னலு. எம் பிள்ளைக்கு மத்த மூணு நாளும் மூச்சு ஓடாது. அதனால முட்டையைக் கொடுத்து அடுத்த பிள்ளையோட முறையை வாங்கிக்கிடுறா. முட்டை இல்லாத நாள்ல பிஸ்கட்டு. பிஸ்கட்டு இல்லாட்டி மத்தவ பாவாடையைத் துவைச்சுக் கொடுக்கிறா. ஒம்பது வயசும்மா.

மத்த பிள்ளைங்க உடம்பு சரியில்லைன்னா சும்மாவே முறையை விட்டுக் கொடுத்துக்கிடுறாங்களாம். இவளுக்கு மட்டும் கிடையாது. உங்கம்மாதானே ஜன்னல் வேண்டாம்னு சொன்னாளாம், கல்லுலயே போட்டிருக்கேங்கிறாங்களாம். அவளுக்குப் பட்டப்பேரே சுவராம். ஏ சுவரு, இங்க வாங்கிறாங்க. அவ என்கிட்ட இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லல. என்னை மாதிரியே வளர்ந்துட்டா.

ஆவணியில ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. ரெண்டாவது தடவை நெஞ்சுக்குழி உள்ள போய் உள்ள போய் வருது, உதடு கறுத்துருச்சு. எங்க வீட்டுக்காரர் மூட்டத்துல இருந்தாரு. இவன் என் கையில. சந்தனமாரி அக்காதான் பவதாரணியைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினாங்க, அந்த வெயில்ல, செருப்பு அறுந்து போச்சு. மூஞ்சியில மாஸ்க் வச்சு மருந்துப் புகை கொடுத்தாங்க. அக்கா கட்டில் பக்கத்துல நின்னு அவ நெஞ்சு ஏறி இறங்குறதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. கண்ணை எடுக்கல. எனக்கு அப்பவும் திக்குன்னுதான் இருந்துச்சு. மூணு நாளு சோறும் அவங்கதான் கொண்டாந்தாங்க. நாளைக்கு ஊர்ல சொல்லிக் காட்டுவாங்கன்னு நினைச்சேன், இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எப்ப சொல்லுவாங்களோ.

டாக்டரம்மா கேட்டாங்க, காத்தோட்டம் இல்லாத இடத்துல படுக்கிறாளான்னு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

வேற விடுதி ஆறாவதுல இருந்துதான் சேர்ப்பாங்களாம். இன்னும் ரெண்டு வருஷம். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா புகை. அங்க விட்டா அந்தச் சுவரு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிள்ளையை நான் எங்க வைக்கிறது?

நான் ஒண்ணும் செய்யாம இல்லம்மா. லூர்துசாமி கொத்தனாரைத் தேடிப் போய்க் கேட்டேன். ரெண்டு மூணு நாள் வேலை தாயி, மேல சுவரைத் தாங்க லிண்டல் கொடுத்து மூணு ஜன்னல் எடுத்துரலாம், ஆனா பிளான் சார் ஒரு வார்த்தை சொல்லணும்னாரு. எங்க வீட்டுக்காரர் போனை வாங்கிட்டு வண்டிப்பாதைக்குப் போய், யாரும் இல்லாத இடமாப் பார்த்து நின்னு சாருக்குப் பேசினேன். சார், அந்த ஜன்னலை நான் காத்துக்காக அடைக்கல, அது எங்க வீட்டு விவகாரம், நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன், பிள்ளைங்க மூச்சுவிட முடியாமக் கிடக்குதுங்க, ஜன்னல் எடுத்துருங்க சார்னேன். வாழ்க்கையில நான் ஒரே மூச்சுல பேசின பேச்சு அதுதான்.

அவரு கோபப்படல. சிரிச்சாரு. "காளீஸ்வரிம்மா, உங்க அறிவை நீங்களே குறைச்சுப் பேசாதீங்க. மனசுல நீங்க வேற காரணம் வச்சிருக்கலாம். ஆனா உங்க கைக்கு உண்மையான காரணம் தெரிஞ்சிருக்கு. உங்க அக்காவும் அதையேதானே சொன்னாங்க?"

உங்களுக்குப் புரியுதாம்மா? பொய் சொன்னப்போ நம்பினாரு. நிஜத்தைச் சொன்னா அடக்கமாப் பேசுறேங்கிறாரு. புதுக் கட்டடம்னா பிள்ளைங்களுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஒரு வருஷம் பார்ப்போம்னாரு.

தாளாளர் ஐயாகிட்ட போனேன். அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்கு. நீயே சொல்லிட்டு நீயே இல்லைங்கிற, நான் எதை நம்புறது, சாட்சி சொன்ன உங்க அக்கா இப்பவும் ஆமான்னுதானே இருக்காங்கன்னாரு. கமிட்டி வந்துட்டுப் போகட்டும், இந்தப் பிளானுக்குப் பரிசு கிடைச்சா இதே மாதிரி இன்னும் நாலு பள்ளிக்கூடத்துல கட்டப்போறாங்க, நல்ல காரியத்தைக் கெடுக்காதேன்னாரு. வார்டன் அந்த ரெண்டு வாக்கியத்தையும் பேப்பர்ல எழுதிக் கையில கொடுத்துட்டாங்க. அக்காவுக்கு ஒரே வாக்கியம்தான். "ஆமாம், உண்மைதான்."

எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, இன்னைக்குத் தீரலைன்னா பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்துரு, மூட்டத்துக்கே போயிருவோம், எது நடந்தாலும் நம்ம கண்ணு முன்னால நடக்கட்டும்னு. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

இப்ப நான் கமிட்டி முன்னால எதைச் சொன்னாலும் அடக்கம்பாங்க, இல்ல கிறுக்கும்பாங்க. அக்கா சொன்னா மட்டும்தான் காதுல ஏறும். எங்க வீட்டுல மேக்க ரெண்டு ஜன்னல் இருக்கு, இவ அடைச்சது என் கண்ணுக்குப் பயந்துன்னு அவங்க வாயால சொல்லணும். பிள்ளை இல்லாத பொம்பளை, பட்டுக் கட்டிக்கிட்டு, பத்துப் பெரிய மனுஷங்க முன்னால நின்னு, என் கண்ணு ஆகாதுன்னு பால் கொடுக்கிறவ ஜன்னலை அடைச்சுக்கிட்டான்னு சொல்லணும். எந்தப் பொம்பளை சொல்லுவா? நானா இருந்தா சொல்லுவேனா? அதைச் சொல்லச் சொல்லி அவங்ககிட்ட கேக்கணும்னா, முதல்ல நான் சொல்லணும். ஒம்பது வருஷமா அவங்களுக்குத் தெரியாம மூடி வச்சதை.

நாலு நாளா வாசல்ல நின்னு நின்னு திரும்பி வந்துட்டேன். நேத்துக்கூடப் போனேன். அக்கா இந்தப் பட்டுச் சேலையை மடியில வச்சு ஓரம் தச்சுக்கிட்டு இருந்தாங்க. என்ன காளி, ஏதும் சொல்லணுமான்னாங்க. இல்லக்கா, ஊசி இருக்கான்னு கேக்க வந்தேன்னேன். ஊசியைக் கொடுத்தாங்க. வாங்கிட்டு வந்துட்டேன். காலையில பஸ் ஏறும்போது மறுபடி கேட்டாங்க, காளி, மனசுல எது இருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்னு. ஒண்ணுமில்லக்கான்னு சொல்லிட்டு இங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்துட்டேன்.

என்னம்மா சொன்னீங்க? அவங்களுக்கு முன்னமே தெரியும்ங்கிறீங்களா?

இல்லம்மா. எப்படித் தெரியும்? யாரும் சொல்லலியே. தெரிஞ்சா இம்புட்டு வருஷம் சும்மா இருப்பாங்களா? எந்த மனுஷி இருப்பா?

அப்படிப் பார்க்காதீங்க. இருங்க. நான் கொஞ்சம் யோசிச்சுக்கிடுறேன்.

கண்டக்டர் என்ன சொல்றாரு? அடுத்து பள்ளிக்கூட விலக்கா? எம்புட்டு தூரம் இருக்கும், ஒரு கிலோமீட்டர் இருக்குமா? அக்கா பக்கத்துல உக்காந்திருந்த அம்மா இறங்கிட்டாங்க போல. சீட்டு காலியா இருக்கு.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கம்மா. நான் முன்னால போறேன். இவனை மட்டும் அந்த விலக்கு வரைக்கும் மடியில வச்சிருங்க. பிள்ளையைக் கையில வச்சிருந்தா அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே பேசாம இருந்துருவேன், எனக்கு என்னைத் தெரியும். அழுவான். தெரியாத மடி, கட்டாயம் அழுவான். அழட்டும்மா, பதறாதீங்க. இவனுக்கு மூச்சு நல்லா இருக்கு.